அடுத்து எந்த மொழி? ஒரகடத்திலிருந்து ஒரு கடிதம்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. வீடு சேலையூரில். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து 200க்கு 191 வாங்கினேன். இப்போது போன்ஜூர் தாண்டி ஒன்றும் ஞாபகமில்லை. கொரோனா சமயத்தில் செல்போன் செயலியில் ஸ்பானிஷ் ஆரம்பித்து 140 நாளில் விட்டேன். கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து போன வருடம் கொரிய எழுத்து கற்றேன், அதுவும் அங்கேயே நிற்கிறது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அண்ணன் ஜெர்மன் படி என்கிறான். மேனேஜர், ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 (கீழிருந்து இரண்டாவது நிலை) தேறினால் மாதாமாதம் அலவன்ஸ் கிடைக்கும் என்கிறார். எங்கள் கம்பெனியில் மூன்று ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இணையத்தில் பார்த்தால் உலகிலேயே கஷ்டமான மொழி ஜப்பானியம், ஜெர்மனுக்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும். இந்த முறையாவது பாதியில் விடக்கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது? அம்மாவோ, "முதல்ல மாப்பிள்ளை எந்த ஊர்னு தெரியட்டும், அந்த ஊர் பாஷையைப் படிச்சுக்கலாம்" என்கிறார்.

பதில்:

முதலில் என் கடை எது என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக 20 வருடத்துக்கு மேல் பிழைப்பு நடத்தியவள் நான். இப்போது அதையே சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஜெர்மன் பி1 வரை (ஏ1இல் தொடங்கும் ஆறு படிகளில் மூன்றாவது) படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஆகவே என்னிடம் எந்த மொழி என்று கேட்பது, இட்லிக் கடைக்காரரிடம் காலையில் என்ன சாப்பிடலாம் என்று கேட்பது மாதிரி. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து மொழிகள் வருகின்றன. ஆனால் நீங்கள் தினமும் முகம் பார்க்கிற மனிதர்கள் என்று எண்ணினால், அந்த மூன்று ஜப்பானியர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களையும் அலவன்ஸுக்குப் பின்னால் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நானாக இருந்தால் கடிதத்தையே அவர்களில்தான் தொடங்கியிருப்பேன்.

பாதியில் விட்டதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். சென்னையில் பிளஸ் டூவுக்கு பிரெஞ்சு எதற்கு எடுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். தமிழில் அள்ள முடியாத மார்க்கை அதில் அள்ளலாம். நீங்கள் 191 அள்ளினீர்கள். வந்த வேலை முடிந்தது, மொழி கிளம்பிவிட்டது. ஸ்பானிஷ் 140 நாள் தாக்குப்பிடித்ததே பெரிது. செல்போன் மணி அடித்துக் கூப்பிடும், சரி. ஆனால் சேலையூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் அந்த மொழியில் உங்களிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க யார் இருந்தார்கள்? கொரியத் தொடரிலும் அதே கதைதான். அவர்கள் பேசுவார்கள், அழுவார்கள், நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்கள். பதில் சொல்ல அவசியமே வராத மொழி எத்தனை பிடித்திருந்தாலும் ஆறு மாதத்தில் ஆறிவிடும். என்னிடம் வந்து நின்றுபோன மாணவர்களிடமும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். சோம்பேறிகள் அதில் குறைவு, பேச ஆளில்லாதவர்கள்தான் அதிகம்.

அதனால் யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வருகிற செவ்வாய்க்கிழமை இந்த மொழியில் யார் உங்களிடம் ஒரு வாக்கியம் பேசப்போகிறார்? ஆள் யார் என்று சொல்ல முடிந்தால் அந்த மொழியை எடுங்கள். உங்களால் மூன்று பேரைக் காட்ட முடிகிறது.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருவோம், உங்களைப் பயமுறுத்தியது அதுதானே. அமெரிக்க வெளியுறவுத் துறை, தூதரகங்களுக்கு அனுப்பும் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. எந்த மொழிக்கு எத்தனை வாரம் பிடிக்கிறது என்று அவர்கள் பல வருட அனுபவத்தில் போட்ட கணக்கு அது. ஜெர்மனுக்குச் சுமார் 36 வாரம். ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு நான்கும் கடைசிப் படியில்: 88 வாரம், 2200 வகுப்பு மணி. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலம் பேசி வளர்ந்த அமெரிக்கர். அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது, 44 வாரம், 1100 மணி என்று. பாலக்காட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்க 1100 மணி வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? அளவுகோலை வேறு ஒருவர் உயரத்துக்குச் செய்திருக்கிறார்கள். தமிழ் பேசுகிறவருக்கு அதில் ஒரு பாதியை அழித்து எழுத வேண்டும்.

எந்தப் பாதி என்று காட்டுகிறேன். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் ஜப்பானிய வகுப்பில் முதல் வருடம் முழுக்க ஒன்றோடு மல்லுக்கட்டுவார்: வினைச்சொல் கடைசியில் வருவது, 'க்கு', 'இல்', 'இருந்து' எல்லாம் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது. "வதாஷி வா காய்ஷா நி இகிமஸ்." நான், கம்பெனி, க்கு, போகிறேன். அவ்வளவுதான். வாக்கியத்தை உடைத்துத் திருப்பி அடுக்கவே வேண்டாம். தமிழில் நினைத்த வரிசையிலேயே சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம். "கினோ கத்தா ஹோன்" என்றால் நேற்று வாங்கிய புத்தகம். ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் புத்தகத்தை முன்னால் வைத்துவிட்டு விளக்கத்தைப் பின்னால் ஓட்ட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஜப்பானியத்தில் 'மோ' என்று ஓர் ஒட்டு, நம் 'உம்'. வதாஷி மோ, நானும். அதோடு நிற்கவில்லை. 'தரே' என்றால் யார். தரே மோ என்றால் யாரும், எதிர்மறை வாக்கியத்தில் "யாரும் வரவில்லை" என்பதற்கு வரும் யாரும். தரே கா என்றால் யாரோ. கேள்வி கேட்கவும் அதே 'கா'தான்: கிமஷிதா கா, வந்தாரா? யார், யாரும், யாரோ என்று நாம் குழந்தையிலேயே செய்துகொண்ட வேலையை அந்த மொழி அப்படியே வேறு உடையில் செய்துவைத்திருக்கிறது. கொரே, சொரே, அரே, தொரே என்ற நான்கைப் பாருங்கள். இது, உங்கள் பக்கம் இருக்கும் அது, தூரத்தில் இருக்கும் அது, எது. நடுவில் இருக்கும் அந்த 'சொரே'க்கு இன்றைய சென்னைத் தமிழில் சொல் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோழி யாராவது இருந்தால் கேளுங்கள். 'உது' என்பார்.

எனக்கு மிகப் பிடித்தது துணைவினைகள். "தபெதே மிரு": சாப்பிட்டுப் பார். 'மிரு' என்றால் உண்மையிலேயே பார்த்தல்தான். ருசியைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்று ஆங்கிலக்காரர் குழம்புவார், நாம் குழம்ப மாட்டோம். "கைதே ஒகு": எழுதி வை. 'ஒகு' என்றால் வைத்தல். "வசுரெதே ஷிமத்தா": மறந்துவிட்டேன், அந்த 'விட்டேன்'இல் இருக்கும் அடடாவும் சேர்ந்தே வருகிறது. "மத்தே இரு": காத்து இரு(க்கிறேன்). அந்த 'இரு' தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் முதல் முறை கரும்பலகையில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே பல வருடம் எழுதிவந்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை, நானும் அந்த வழக்குக்குள் போகவில்லை. சொந்தமோ இல்லையோ, வீட்டின் அமைப்பு ஒன்று. சமையலறை எங்கே, பூஜையறை எங்கே என்று கேட்காமலே நடக்கலாம், படிக்கிறவளுக்கு அது போதும்.

ஒலியிலும் நமக்கு ஒரு கை கூடுதல். பள்ளியில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று சலிக்கச் சலிக்கப் படித்தோமே, அது இங்கே காசாகிறது. 'ஒபசன்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாசன்' என்றால் பாட்டி. அந்த நீட்டலை விட்டுவிட்டு எதிராளியின் பாட்டியைச் சித்தியாக்குகிறவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியர்கள். 'கிதே' வேறு, 'கித்தே' வேறு (முதலாவது வந்து, இரண்டாவது தபால்தலை). படு, பட்டு என்று பிரித்துச் சொல்கிற வாய்க்கு அது ஒரு பொருட்டா?

எழுத்து வரிசையும் பழகிய வரிசையே. அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. அந்த ஹ பழைய ஜப்பானியத்தில் ப. சேர்த்துப் பாருங்கள், க ச த ந ப ம ய ர வ. புத்த பிக்குகள் சமஸ்கிருதம் படித்த வழியில் போய்ச் சேர்ந்த வரிசை அது. ஹிரகானா என்ற அடிப்படை எழுத்து மொத்தம் 46, பத்து நாள் வேலை.

ஒரே ஓர் இடத்தில் தமிழ் எழுத்து நம்மைக் காலை வாரும். 'கின்' என்று தமிழில் எழுதினால் அது தங்கமா வெள்ளியா என்று தெரியாது. கல் என்பதில் வரும் க போட்டால் தங்கம், அங்கே என்பதில் வரும் க போட்டால் வெள்ளி. ஆகவே நோட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதிப் படிக்காதீர்கள். (நான் இந்தப் பதிலில் எழுதுவது உங்களுக்குக் காட்டுவதற்காக மட்டும்.) ஆங்கில எழுத்தும் வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்து ஹிரகானாதான்.

இப்போது இனிப்புக் கடைப் பேச்சை நிறுத்திவிட்டுக் கசப்பைச் சொல்கிறேன். இலக்கணத்தில் மிச்சம் பிடித்த நேரத்தைக் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், பிடுங்கிக்கொள்ளும். ஜப்பான் அரசு அன்றாடப் புழக்கத்துக்கென்று 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2136 கான்ஜிகள். எண்ணிக்கைகூடப் பரவாயில்லை, பலவற்றுக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு இருக்கிறதே, அங்கேதான் கண்ணீர். ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி'. அதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே, சூரியனைக் குறிக்கும் எழுத்து. முதலில் நிச்சி, கடைசியில் பி. ஒரே சொல்லுக்குள்! (கிழமை வரிசை மட்டும் ஆறுதல்: ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அதே கோள்கள், அதே வரிசை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அவர்கள் தங்கம் என்ற எழுத்தைப் போடுகிறார்கள்.) என்4க்கு முந்நூறு கான்ஜி போல என்பது வகுப்புகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக 20 என்று உட்கார்ந்தால் வராது.

இன்னொன்று, அவர்கள் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. "கென்தோ ஷிமஸ்" என்றால் அகராதியில் 'பரிசீலிக்கிறோம்'. கூட்டத்தில் பெரும்பாலும் அதற்கு அர்த்தம் முடியாது என்பதுதான். ஆனால் கல்யாண வீட்டில் பணம் கேட்டவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிற ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

என் பங்குக்கு ஒரு கதை. மொழிபெயர்ப்பில் இறங்கிய இரண்டாவது வருடம், ஒரு தொழிற்சாலையில் மாதாந்திரத் திட்டக் கூட்டம். ஜப்பானிய அதிகாரி அடுத்த ஆண்டு இலக்கு 'சான்ஜூமான்' என்றார். அவர்கள் பத்தாயிரத்தை ஒரு கட்டாக வைத்து எண்ணுவார்கள், அதற்கு 'மான்' என்று பெயர். சான்ஜூ என்றால் முப்பது. முப்பது மான், அதாவது 3 லட்சம். நான் பதற்றத்தில் முப்பது ஆயிரம் என்று சொல்லிவிட்டேன். அறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது, இவ்வளவு சுலபமான இலக்கா என்று. பத்து நிமிடம் கழித்து, திரையில் எண் வந்தபோது அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அன்று இரவே ஒரு சீட்டில் எழுதி டைரிக்குள் ஒட்டினேன்: பத்து மான் ஒரு லட்சம், நூறு மான் பத்து லட்சம், ஆயிரம் மான் ஒரு கோடி. நீங்கள் குவாலிட்டியில் இருப்பவர், நிராகரித்த உருப்படி எண்ணிக்கையைச் சொல்லப்போகிறவர். இந்தச் சீட்டை இப்போதே ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் பூஜ்யத்தில் தொடங்கவும் இல்லை. கைசன், கன்பன், கெம்பா, போகா யோகே, முதா எல்லாம் ஷிஃப்டில் தினம் புழங்கும் சொற்கள்தானே? வேலையிடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லிச் சுவரில் தொங்கும் 5எஸ் பலகையில் செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்று ஐந்து ஜப்பானியச் சொல் இருக்கிறது. கம்பெனிக் கோஷமாகப் படித்ததை மொழியாகப் படியுங்கள். ஜப்பானியர்கள் ஷித்சுகே என்ற சொல்லைக் குழந்தை வளர்ப்புக்கும் சொல்வார்கள். பிள்ளைக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து வளர்ப்பது. இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பலகையை என்னால் சிரிக்காமல் பார்க்க முடிந்ததில்லை.

அண்ணன் சொல்வதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்குப் போவது என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டால் என் பதில் மாறும், அப்போது ஜப்பானியத்தைத் தொடவே வேண்டாம். அங்கே மொழிக்கு நேரடியான பலன் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) போகிறவர் பி1 வைத்திருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். வேலை தேடிப் போவதற்கான வாய்ப்பு அட்டையை 2024 ஜூனில் கொண்டுவந்தார்கள். மற்றத் தகுதிகளோடு ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இருந்தால் அதற்கு மனுப் போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் 'அண்ணன் போகச் சொல்கிறான்' இருக்கிறது, 'நான் போக நினைக்கிறேன்' இல்லை. வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் தமிழில் பேசும் அண்ணனை ஜெர்மன் பேசும் ஆளாக நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

மொழியாகப் பார்த்தால் ஜெர்மனும் தமிழருக்கு அப்படி அந்நியமில்லை. எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு நான்கு வேற்றுமை என்ன கஷ்டம்? 'ஏனென்றால்' போட்டதும் வினைச்சொல் வாலுக்கு ஓடிவிடும், அதுவும் நமக்குப் பழக்கம். வதை எல்லாம் பால்தான். மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்கக் கூடாது. சிறுமி என்ற 'மெட்ஷென்' அஃறிணை மாதிரி! வகுப்பில் எல்லோரும் சிரித்தபோது திருநெல்வேலிக்காரத் தோழி ஒருத்தி மட்டும், "எங்க ஊர்ல புள்ள வந்துச்சுன்னுதானே சொல்லுவோம்" என்றாள். ஆசிரியருக்கு அதை விளக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

பிரெஞ்சு உங்களுக்குள் தூங்குகிறது, செத்துப்போகவில்லை. பின்னால் எப்போதாவது கனடா யோசனை வந்தால் தட்டி எழுப்புங்கள். அங்கே குடியேற்றப் புள்ளிக் கணக்கில் பிரெஞ்சுக்கு 50 வரை கூடுதல் புள்ளி உண்டு, 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனியாகவும் அழைப்பு விடுகிறார்கள். அந்த எண்ணம் இல்லாதவரை தூங்கட்டும். ஸ்பானிஷுக்கு உங்கள் வாழ்க்கையில் இப்போதைக்கு இடம் தெரியவில்லை.

கொரியத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. இலக்கண அமைப்பில் அதுவும் நம் தெருதான். அந்த 'செய்து பார்' அங்கேயும் 'ஹே பொதா' என்று அப்படியே இருக்கிறது. கொரிய எழுத்தில் க என்ற ஓர் எழுத்து சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் குழைந்தும் ஒலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல், அகம் என்று அதையே செய்கிறோம் நாம். நீங்கள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரியக் கம்பெனி ஒன்றில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொரியம் என்று எழுதியிருப்பேன். இருப்பது ஒரகடத்தில், ஜப்பானியர் பக்கத்தில். தொடர்களைப் பாருங்கள், ரசியுங்கள், நோட்டை மட்டும் மூடி வையுங்கள். ஜப்பானிய இலக்கணம் கைக்கு வந்தபின் கொரியம் பாதி விலைக்குக் கிடைக்கும்.

இனி வேலை. மேனேஜர் சொன்ன அலவன்ஸ் கம்பெனி விதியா, அவர் வாய்ப்பேச்சா என்று எச்.ஆர். பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு, எத்தனை வருடம், தேர்வுக் கட்டணம் யார் தருவார்கள், எல்லாம். என்4 அடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு (ஜே.எல்.பி.டி.) ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். விண்ணப்பம் சில மாதங்கள் முன்பே மூடிவிடும், தேதியை விட்டால் ஆறு மாதம் போச்சு. என்4க்கு 180இல் 90 தேவை, அதோடு பிரிவுவாரிக் குறைந்தபட்சமும் உண்டு. திங்கள் முதல் சனி வரை தினம் ஒரு மணி, ஞாயிறு இரண்டு மணி என்றால் வாரத்துக்கு 8 மணி, வருடத்துக்கு 400. அதில் முதல் நிலையான என்5 தாண்டி என்4 வாசலுக்கு வந்துவிடலாம் என்பது என் வகுப்பில் நான் கண்டது. இரண்டாவது வருடம் தேறினாலும் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

அந்தத் தேர்வில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பேச்சுத் தேர்வு கிடையாது, எழுதுவதும் கிடையாது. படித்தும் கேட்டும் விடையைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். என்3 சான்றிதழோடு வந்து, "உங்கள் ஊர் எது?" என்று ஜப்பானியத்தில் கேட்டால் திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 191 வாங்கி மறந்த பிரெஞ்சின் கதை இங்கேயும் நடக்கலாம், ஜாக்கிரதை. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மூன்று பேர்தான்.

வகுப்புக்கு நெல்சன் மாணிக்கம் சாலையில் இருக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தை விசாரியுங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் தூரம். அதே ஸ்டேஷனுக்குக் கிழக்கே போனால் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ். அந்த நடைமேடையில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் ஒருவகையில் உங்கள் கேள்வியே. ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, பராமரிப்பு என்று சில வண்டிகளை நிறுத்தியும் விடுவார்கள். அந்த அலைச்சல் கட்டாது என்றால் இணைய வகுப்பு போதும், ஆனால் ஆசிரியர் முகம் தெரிகிற நேரடி வகுப்பாக இருக்க வேண்டும், பதிவு செய்த வீடியோ வேண்டாம். எதிலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் தனியாக ஓட்டிப் பாருங்கள். ஹிரகானா, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கடகானா இரண்டும் கம்பெனி பஸ்ஸிலேயே முடியும். ஒரு மாதத்தில் அது முடியவில்லை என்றால் கட்டணத்தை மிச்சம் பிடித்தோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே மாதத்தில் அந்த மூன்று பேரிடம் ஆளுக்கு ஒரு வாக்கியம். காலையில் "ஒஹாயோ கொசாய்மஸ்". சாயங்காலம் கிளம்பும்போது "ஒத்சுகரேசாமா தெஸ்", உழைத்துக் களைத்திருப்பீர்கள் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்ளும் சொல் அது. அவர்கள் உடனே ஜப்பானியத்தில் பொழிந்து தள்ளினால் பயப்படாமல், "மோ இச்சிதோ" என்று கேளுங்கள். இன்னொரு முறை என்று அர்த்தம். நான் முதல் ஆறு மாதம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

அம்மா சொன்னதை நான் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஜெர்மன் ஏ1 படிக்க நுங்கம்பாக்கத்துக்கு ஓடி வருகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கணவரோடு சேரும் விசாவுக்குப் பல பேருக்கு அது தேவைப்படும். கணவர் ப்ளூ கார்டில் இருந்தால் அதுவும் தேவையில்லை. அப்படி ஏ1 வேண்டிவந்தால் மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிடலாம், அதற்காக இப்போது காத்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கூடவே ஜப்பானியத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வதையும் சொல்லிக்கொடுங்கள். "இத்தே கிமஸ்", வார்த்தைக்கு வார்த்தை 'போய் வருகிறேன்'. அவர்களும் வெறுமனே போகிறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். வீட்டில் இருப்பவர் "இத்தே ரஷ்ஷாய்" என்று பதில் சொல்ல வேண்டும், போய் வா என்று. என் மாமியாருக்கு இதை ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். அவர் கடைசி வரைக்கும் தினமும் காலையில் வாசலில் நின்று, "இட்லி ரசம், பத்திரமா போயிட்டு வா" என்றுதான் அனுப்பிவைத்தார்.